காது கொடுக்கிற கரடி

அந்தத் தெருவில் அவளைக் கரடிக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே விழிப்பார். முதல் மாடியில் வலதுபக்க வீடு, வாசல் கதவில் மூன்று பூட்டு. ஒன்று போதாதா என்று பூட்டுக்காரர் கேட்டதற்கு, ஒன்றைத் திறக்கத் தெரிந்தவன் ஊரில் இருக்கமாட்டானா என்று திருப்பிக் கேட்டாள். அவரைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள். பாவம், அவர் கூலியை வாங்கிக்கொண்டு வேகமாக இறங்கிப் போய்விட்டார்.

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவள் அவள். கல்யாணத்துக்கு முன்பே சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். மிஷினில் உட்கார்ந்த இரண்டாம் வருஷம், ஊசி ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. அதிலிருந்து மிஷின் சத்தம் கேட்டாலே அந்த விரல் தானாக மடங்கிக்கொள்ளும். முதலாளி நல்ல மனுஷர், செக்கிங் மேசைக்கு மாற்றினார். தைத்த சட்டையைப் புரட்டி, தையலை இழுத்துப் பார்த்து, குறை கண்டுபிடிக்கிற வேலை. பத்து வருஷம் அதைத்தான் செய்தாள். குறையே இல்லாத சட்டை கைக்கு வந்தால் இன்னும் உற்றுப் பார்ப்பாள், எங்கேயோ மறைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று. கம்பெனியை மூடினார்கள். அந்தக் கண்ணை மூட ஆளில்லை.

மூடும்போது ஆளுக்கு ஒரு சுருள் துணி கொடுத்து அனுப்பினார்கள். அவள் பங்குக்கு வந்தது குளிர்ச்சட்டைக்கு உள்ளே வைக்கிற முடித்துணி, பழுப்பு நிறம். என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு மாதம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பிறகு பழைய பத்திரிகை ஒன்றின் நடுப்பக்கத்தில் கரடி பொம்மைக்கான வெட்டுப்படம் கிடைக்க, அதை அட்டையில் வரைந்து வெட்டிப் பார்த்தாள். முதல் கரடி பெருச்சாளி மாதிரி வந்தது. இரண்டாவது கொஞ்சம் தேறியது. மூன்றாவதற்குப் பத்திரிகையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தானே வரைய ஆரம்பித்தாள்.

கரடியின் தலை மூன்று துண்டு. இரண்டு கன்னம், நடுவில் மூக்கில் தொடங்கிப் பிடரி வரை ஓடுகிற, நாக்கு மாதிரி நீளமான ஒரு நடுத்துண்டு. அந்த நடுத்துண்டுக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் பொங்கியது. கத்தரி ஓர் அரிசி அகலத்துக்கு உள்ளே போய்விட்டது. அப்படியே துணியை வெட்டி, கணவனின் தங்கையிடம் கொடுத்துத் தைத்ததில், அந்தக் கரடி தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றது, யாரோ சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதைப் போல.

குப்பைக்குப் போக வேண்டியதைக் கீழ்வீட்டுக் குழந்தை டாக்டர் பார்த்துவிட்டுக் கேட்டு வாங்கிப்போய்த் தன் மேசையில் வைத்தார். தன்னிடம் வாயே திறக்காத பிள்ளைகள் அந்தக் கரடியிடம் எங்கே வலிக்கிறது என்று சொன்னார்களாம். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், பொம்மைக்கடையில் கேட்டார்கள், பேரப்பிள்ளை பிறந்த வீட்டில் எல்லாம் கேட்டார்கள். காது கொடுக்கிற கரடி என்று பெயரே வந்துவிட்டது. அதுவரை இருந்த ஒரு பூட்டு இரண்டாகி, இரண்டு மூன்றாகியது. அந்த அட்டை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போயிற்று, டப்பா பீரோவுக்குள் போயிற்று, பீரோ சாவி அவள் இடுப்புக்குப் போயிற்று. துணி வெட்டும் நாளில் அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் வெட்டுவாள். கட்டிய கணவனுக்கே அந்த அட்டையைக் காட்டியதில்லை. அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். பார்த்தாலும் அவருக்கு அது செருப்பின் அடிப்பாகம் மாதிரிதான் தெரிந்திருக்கும்.

மிஷினில் உட்கார விரல் மறுத்ததால் தைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. வெளியாளை வீட்டுக்குள் விடுகிற ஜாதியில்லை அவள். அதனால் ஆரம்பத்திலிருந்தே தைத்துக் கொடுத்த கணவனின் தங்கையையே தினமும் வரச்சொன்னாள். வீட்டில் எல்லாருக்கும் அவள் சின்னவள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பு. புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ரோட்டில். சின்னவள் காலை பத்து மணிக்கு வருவாள், வெட்டிவைத்த துண்டுகளை வாங்கிக்கொண்டு பின்னறையில் மிஷினில் உட்காருவாள், நாலு மணிக்குப் போவாள். துண்டுகளைச் சேர்த்துத் தைப்பது அவள். புரட்டி, பஞ்சடைத்து, கண் வைத்து, கறுப்பு நூலில் மூக்குப் போடுவது அண்ணி. அவள் முன்னறையில் இருப்பாள், ஏனென்றால் மிஷின் சத்தம் ஆகாது. பத்து வருஷமாக இப்படியே ஓடியது. சின்னவள் போனதும் அண்ணி கண் டப்பாவைக் கொட்டிக் கறுப்புக் கண்களை எண்ணிப் பார்ப்பாள். ஒருநாளும் குறைந்ததில்லை. அதுவும் அவளுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

நடுவில் எப்போதோ ஒருமுறை, கரடியாகவே தைத்து அலுத்துவிட்டது, ஒரு நாய் செய்து பார்க்கலாமா என்று சின்னவள் கேட்டாள். நாயைத்தான் தெருவிலேயே பார்க்கிறார்களே, காசு கொடுத்து யார் வாங்குவார்கள் என்று அண்ணி சொல்லிவிட்டாள். இன்னொருமுறை முயல் என்றாள். அதற்குப் பதிலே வரவில்லை. பிறகு அவள் கேட்கவுமில்லை.

வினை கண்ணாடிக்கடையில் உட்கார்ந்திருந்தது.

கடைத்தெருவில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை. பஸ்ஸுக்குக் காத்து நின்ற அண்ணி சும்மா திரும்பினாள். காட்சிப்பெட்டிக்குள் ஒரு பொம்மை நாய். தொங்கும் காது, சாம்பல் நிறம், மூக்கின்மேல் சிவப்பு ஃபிரேம் கண்ணாடி. அதுவல்ல விஷயம். அந்த நாய் தலையைச் சாய்த்திருந்தது. அதே பக்கம், அதே அளவு.

பஸ் வந்தது, போனது. அவள் போகவில்லை. கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்கு நெருங்கிப் பார்த்தாள். காதை நீட்டி, வாலை ஒட்டி, நிறத்தை மாற்றியிருந்தார்கள், திருடிய வண்டிக்கு நம்பர் பலகை மாற்றுகிற மாதிரி. ஆனால் தலைக்குள்ளே ஓடுவது அவளுடைய நடுத்துண்டு. தன் பிள்ளையை வேறு வீட்டுச் சட்டையில் பார்த்தாலும் தாய்க்குத் தெரியாதா?

கடைக்குள் போய், கண் சோதிக்க வந்தவளைப் போல உட்கார்ந்து, நூல் விட்டுப் பார்த்தாள். நாய் அழகாக இருக்கிறதே, எங்கே வாங்கியது? கடைக்காரர் சுவரில் எழுத்துகளைக் காட்டியபடியே, வாங்கவில்லை, கண்ணாடி போட்டுக்கொண்டு போன ஒரு அம்மா சந்தோஷத்தில் தைத்துக் கொடுத்தார்கள் என்றார். நாலாவது வரியைப் படிக்கச் சொன்னார். அவளுக்கு ஓர் எழுத்தும் ஏறவில்லை. சின்னவள் போன மாதம்தான் கண்ணாடி போட்டிருந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் காற்றே மாறிப்போயிற்று. சின்னவள் சிரித்தால், எதை மறைக்கச் சிரிக்கிறாள்? பேசாமல் இருந்தால், என்ன யோசிக்கிறாள்? பை கொஞ்சம் உப்பியிருந்தால், உள்ளே என்ன? தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவள் திரும்பி வர இத்தனை நேரமா? பீரோ இருக்கும் அறை சமையலறைக்கு அடுத்ததாயிற்றே. வெட்டிய துணித்துண்டு இழுத்த இழுப்புக்கு வரும், அதை வைத்து அரிசி அகலத்தைப் பிடிக்க முடியாது, அட்டையைத்தான் எடுத்திருக்க வேண்டும். அண்ணி கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தாள். பிஸ்கட் டப்பாவின் மூடிக்கு மேலே ஒரு தலைமுடியை ஒட்டி வைத்தாள். மூன்று நாள் கழித்துப் பார்த்தாள், முடி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி அதேபோல ஒட்டியிருக்கிறாள், கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டாள்.

கணவனிடம் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்: "உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம், சரி. பழகிட்டோம். அவ மேலயுமா?"

அவருக்கென்ன, தங்கை. அவள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். கோபம் பாதி. மீதிப் பாதி என்னவென்று அவள் பார்க்க விரும்பவில்லை. பத்து வருஷத்தில் அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் சின்னவள் சொன்ன லாரிக் கதைகளுக்குத்தான். அவள் திருடி என்றாகிவிட்டால் இந்த வீட்டில் இனிப் பேச யார் இருக்கிறார்கள்? இருந்தாலும் உண்மை தெரிந்தாக வேண்டும். கையும் களவுமாகப் பிடித்தால்தான் மனசு அடங்கும்.

அதனால் ஒரு பொறி வைத்தாள். புதிதாக ஓர் அட்டை எடுத்து, அரிசி அகலப் பிழையைத் திருத்தி, இரண்டு பக்கமும் ஒரே வளைவாக ஒரு பொய் நடுத்துண்டு வெட்டினாள். அடையாளத்துக்குப் பின்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி. பொய்யை டப்பாவில் வைத்தாள். நிஜத்தைப் பழைய எக்ஸ்ரே உறைக்குள் செருகி மெத்தைக்கு அடியில் தள்ளினாள். சின்னவள் அடுத்தமுறை டப்பாவைத் திறந்து வரைந்தால், அடுத்து வரும் நாய் நேராகப் பார்க்கும். அகப்பட்டுக்கொள்வாள்.

நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு நாளில் டாக்டரின் புதிய ஆஸ்பத்திரிக்கு இருபத்துநாலு கரடி வேண்டுமென்று அவசர ஆர்டர் வந்தது. கதவைத் தாழிட்டாள், பீரோவைத் திறந்தாள், டப்பாவைத் திறந்தாள், அட்டையை எடுத்தாள், சாக்கட்டியால் வரைந்தாள், முடி வெட்டுப்படாமல் துணியின் பின்பக்கத்தை மட்டும் கத்தரி நுனியால் வெட்டினாள். பத்து வருஷப் பழக்கம், கை தன் பாட்டுக்கு வேலை பார்த்தது. மனசு முழுக்கச் சின்னவளின் பைமேல் இருந்தது. மெத்தை ஞாபகமே வரவில்லை.

மறுநாள் சின்னவள் பின்னறையில் தலைகளைத் தைத்துக்கொண்டிருந்தபோது, அண்ணி தலைவலி மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனாள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை முயல். தலையைச் சாய்த்து, அவள் என்ன மாத்திரை கேட்கிறாள் என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

மாத்திரையை வாங்காமல் திரும்பினாள். படியில் ஏறும்போதே கேள்விகளை வரிசையாக அடுக்கிக்கொண்டாள். இல்லை என்று சொன்னால் இது, தெரியாது என்று சொன்னால் அது, அழுதால் இன்னொன்று. நேரே பின்னறைக்குப் போய், சத்தத்துக்கு விரல் மடங்குவதையும் பார்க்காமல், மிஷினுக்கு எதிரே நின்றாள்.

"கண்ணாடிக்கடை நாயும் மருந்துக்கடை முயலும் யாரு தச்சது?"

மிஷின் நின்றது. "நான்தான் அண்ணி."

ஆமாம் என்று சொன்னால் என்ன கேட்பது என்று அவள் யோசித்து வைக்கவே இல்லை.

"அட்டைய எப்போ எடுத்த?"

"எந்த அட்டை?"

"நடிக்காத. டப்பாவுல இருக்கிற அட்டை. பீரோ சாவிய நான் குளிக்கப் போறப்ப எடுத்தியா?"

சின்னவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பத்து வருஷமா கதவச் சாத்திக்கிட்டு வெட்டுறீங்க. ஏன்னு ஒரு நாள் கேட்டிருக்கேனா? அந்த டப்பாவுல பிஸ்கட் இருக்குன்னுதான் நான் நினைச்சேன். எங்களுக்குத் தரக்கூடாதுன்னு பூட்டி வைக்கிறீங்கன்னு."

அவ்வளவுதான் பேசினாள். கையிலிருந்த தலையைத் தைத்து முடித்து, நூலை வெட்டி, கத்தரியை அதன் இடத்தில் வைத்து, மிஷினுக்கு உறை போட்டாள். பையை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தவள், ஒரு நொடி நின்று, பையைத் திறந்து மேசைமேல் கவிழ்த்துக் காட்டினாள். சாப்பாட்டு டப்பா, குடை, கண்ணாடிக் கூடு. மறுபடி அள்ளிப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. யாரும் கேட்காமல் அவளே பையைக் கவிழ்த்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டாளே, தைத்தது தான்தான் என்று ஒத்துக்கொண்டாளே என்று அண்ணி தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, கூடையிலிருந்த தலைகளை முன்னறைக்குக் கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். முதல் தலையைப் புரட்டினாள், பஞ்சை உருட்டி உருட்டி அடைத்தாள், கழுத்தைச் சுருக்கிக் கட்டி மேசையில் வைத்தாள். தலை அழகாகச் சாய்ந்தது. இரண்டாவதும் சாய்ந்தது. நாலாவது தலையை வைக்கும்போது கை நின்றது.

எந்த அட்டையில் வெட்டினாள்?

ஓடிப்போய் டப்பாவைத் திறந்தாள். அட்டையைத் திருப்பினாள். பென்சில் புள்ளி. ஓரமெல்லாம் நேற்றைய சாக்கட்டித் தூள். மெத்தைக்கு அடியில் எக்ஸ்ரே உறை தூக்கம் கலையாமல் கிடந்தது. இரண்டு பக்கமும் ஒரே வளைவாக, ஒரு மயிரிழை பிசகாமல் அவளே திருத்தி வெட்டிய அட்டையில் பிறந்த தலைகள் நாலும் முன்னறை மேசையில் காது கொடுத்துக்கொண்டிருந்தன.

அவளுக்குள் செக்கிங் மேசைக்காரி திரும்பி வந்தாள். தைத்துப் புரட்டாத ஒரு தலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் தையலைப் படித்தாள். மூக்கில் முடிச்சு இருந்தது, பிடரியில் இல்லை. அதாவது சின்னவள் ஒரு கன்னத்தை மூக்கிலிருந்து பிடரிவரை தைத்துக்கொண்டு போய், நூலை வெட்டாமல் அங்கேயே திருப்பி, மறு கன்னத்தைப் பிடரியிலிருந்து மூக்குவரை தைத்துக்கொண்டு வருகிறாள். கம்பெனியில் இப்படித் தைத்தால் கையிலேயே போடுவார்கள். இரண்டு தையலும் ஒரே பக்கத்திலிருந்துதான் போக வேண்டும், இல்லையென்றால் துணி ஒருபக்கம் முன்னே நகரும், ஒருபக்கம் பின்னே நகரும், முறுக்கிக்கொள்ளும். கம்பெனி வாசலையே மிதிக்காத சின்னவளுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பத்து வருஷமாக அவள் எப்படித் தைக்கிறாள் என்று பின்னறைக்குள் எட்டிப் பார்க்காத ஒரே ஆள் இந்த வீட்டில் அண்ணிதான். பையைப் பார்த்தாள், கண் டப்பாவைப் பார்த்தாள். கையைப் பார்க்கவில்லை.

நம்பாதவள் சோதித்துப் பார்க்காமல் விடுவாளா? மெத்தைக்கு அடியிலிருந்த நிஜ அட்டையை எடுத்து ஒரு தலை வெட்டினாள். மிஷின் உறையை எடுத்தாள். மடங்குகிற விரலை மற்ற விரல்களுக்குள் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கம்பெனியில் கற்றபடி ஒழுங்காக, இரண்டு கன்னத்தையும் மூக்கிலிருந்தே தொடங்கித் தைத்தாள். இருபது வருஷம் கழித்து மிஷினில் உட்கார்ந்ததில் உள்ளங்கை ஈரமாகிவிட்டது. புரட்டி, பஞ்சடைத்து, கண் வைத்து, மூக்குப் போட்டு மேசையில் நிறுத்தினாள்.

அது நேராகப் பார்த்தது. அந்த அரிசி அகலப் பிழை முடித்துணியின் தடிப்புக்குள் காணாமல் போயிருந்தது. மூன்று பூட்டும், பீரோவும், இடுப்புச் சாவியும் போட்டுக் காத்தது ஒன்றுமில்லாத ஓர் அட்டையை. காக்க வேண்டியது சாயங்காலம் நாலு மணிக்குத் தினமும் தானாகப் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தது, இன்று மதியமே போய்விட்டது. அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அழுதாள்.

வெயில் தாழ்வதற்குள் அந்தத் தலையைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு தெரு நடந்தாள். சின்னவள் கதவைத் திறந்தாள், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை, வழியை மறிக்கவுமில்லை. உள்ளே மேசைமேல் சின்னவளின் கையெழுத்தில் நாய் அட்டை, முயல் அட்டை, பாதி வரைந்த ஆமை அட்டை என்று எல்லாம் பட்டப்பகலில் திறந்து கிடந்தன.

"அட்டை இல்ல. உன் கைதான்," என்றாள் அண்ணி. வாசலில் நின்றபடியே முடிச்சையும் பிடரியையும் பொய் அட்டையையும் சொல்லி முடித்தாள். பொறி வைத்ததையும் மறைக்கவில்லை. "தப்பு என்னோடது. உன்ன அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

சின்னவள் கதவை முழுதாகத் திறந்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கும் தெரியாது அண்ணி. சாய்றது நீங்க வெட்டுற விதத்தாலன்னுதான் நானும் நினைச்சேன். நாய் தச்சுப் பாத்தப்போ அதுவும் அப்படியே சாஞ்சிருச்சு. எனக்குப் பயமாப் போச்சு, நீங்க என்ன நினைப்பீங்களோன்னு. அதான் சொல்லாம விட்டேன்."

அண்ணி பையிலிருந்து அந்தத் தலையை எடுத்து நீட்டினாள், சாட்சிக்கு. சின்னவள் அதை ஜன்னலோரம் கொண்டுபோய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தாள். கரடியும் கண் இமைக்காமல் அவளை உற்றுப் பார்த்தது, பையைத் திற என்று சொல்கிற மாதிரி.

"அய்யோ," என்று சின்னவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. "அப்படியே உங்கள மாதிரி பாக்குது அண்ணி."

கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. பார்த்தால் அப்படித்தான் இருந்தது. இதை ஆஸ்பத்திரியில் வைத்தால் எந்தப் பிள்ளையாவது எங்கே வலிக்கிறது என்று சொல்லுமா?

நாளைக்கு வருகிறாயா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக, வேறெதையும் துருவாமல் பதிலுக்காக நின்றாள். சின்னவள் கரடித்தலையை முயல் அட்டைமேல் வைத்தாள்.

"வர்றேன். ஆனா இனிமே பிஸ்கட் டப்பாவுல பிஸ்கட் வைங்க."

திரும்பும் வழியில் கடையில் இரண்டு பாக்கெட் வாங்கினாள். தேதியை இரண்டுமுறை பார்த்துத்தான் வாங்கினாள், அந்தக் குணம் எங்கே போகும். மறுநாள் பத்து மணிக்கு முன்பே பின்னறையில், மிஷினுக்குப் பக்கத்தில், டப்பா திறந்திருந்தது. உப்பு பிஸ்கட்டும் இனிப்பு பிஸ்கட்டும் கலந்துவிடாமல் நடுவில் பத்து வருஷம் பூட்டிக் காத்த அந்த அட்டையைச் செருகியிருந்தாள்.